பறவைப் படத்தை எவ்வளவு வெட்டலாம்?

கோத்தகிரி லாங்வுட் சோலையில் எடுத்த ஈப்பிடிப்பான் படத்தில் பறவை நட்டநடுவே சின்னதாக இருக்கிறது, எவ்வளவு கிராப் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேமரா 24 மெகாபிக்சல் என்றால் படம் பொதுவாக 6000-க்கு 4000 பிக்சல். நீளம், அகலம் இரண்டையும் பாதியாக்கினால் மிஞ்சுவது கால் பங்கு, 6 மெகாபிக்சல். போனில் பார்க்க அது தாராளம். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம்) அச்சிட்டாலும் 10 அங்குல அகலம் தாங்கும். அதற்கு மேல் வெட்டினால், சோலை இருட்டுக்காக ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) ஏற்றியதில் வந்த புள்ளிகள் இறகின் நெளிவையே தின்றுவிடும்.

அப்புறம், பறவை பார்க்கும் பக்கம் கூடுதல் இடம் விடுங்கள். வால் நுனியை வெட்டாதீர்கள். (தொட்டபெட்டாவில் எடுத்த ஒன்றில் வாலை அறுத்ததோடு, மூலக்கோப்பையும் அழித்துத் தொலைத்தவன் நான்.) பாசி படிந்த அந்தக் கிளையும் கொஞ்சம் இருக்கட்டும், சோலை என்று காட்டுவதே அதுதான்.