மேற்கோள் குறி போட்டும் பாதை உடைகிறதா?

கேள்வி: லினக்ஸில் ‘ஊர் திருவிழா 2023’ என்ற ஃபோல்டரில் உள்ள வீடியோக்களை எஃப்எஃப்எம்பெக் வைத்துச் சுருக்க ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் எழுதினேன். ஃபோல்டரின் பாதையை மேற்கோள் குறிக்குள்தான் ஒரு மாறியில் (மதிப்பைச் சேமித்து வைக்கும் பெயரில்) போட்டிருக்கிறேன். ஆனாலும் ‘ஊர்’ என்று ஒரு ஃபைல் இல்லை என்கிறது. ஏன்?

பதில்: குறி போட்டது சரி, ஒரு இடத்தில் மட்டும் போட்டதுதான் சிக்கல்.

மேற்கோள் குறி எஃப்எஃப்எம்பெக்குக்கானது அல்ல, ஷெல்லுக்கானது, அதாவது கட்டளைகளைப் படித்து இயக்கும் பாஷுக்கானது. ஷெல்தான் நீங்கள் எழுதிய வரியைத் துண்டுகளாகப் பிரித்து நிரலிடம் ஒரு பட்டியலாகக் கொடுக்கிறது. குறிகளை அதற்கு முன்பே நீக்கிவிடும். ஆகவே மாறியில் போய்ச் சேர்ந்தது வெறும் எழுத்துகளும் இடைவெளிகளும்தான். பிறகு டாலர் குறியோடு அந்த மாறியை வெறுமனே எழுதும்போது, ஷெல் அதன் மதிப்பை விரித்து, இடைவெளி கண்ட இடமெல்லாம் மறுபடி வெட்டுகிறது. ‘ஊர்’, ‘திருவிழா’, ‘2023’ என மூன்று துண்டுகள். முதல் துண்டை ஃபைல் என்று நம்பித் தேடுகிறது நிரல்.

எனவே மாறியைப் பயன்படுத்தும் ஒவ்வொரு இடத்திலும் அதைச் சுற்றி இரட்டை மேற்கோள் குறி வேண்டும். ஒற்றைக் குறி போட்டால் மாறி விரியவே விரியாது. மதிப்புக்குள்ளேயே இன்னொரு ஜோடி குறியைத் திணித்துப் பார்ப்பவர்களும் உண்டு. அதுவும் பலிக்காது, ஏனென்றால் மாறியிலிருந்து வரும் குறியை ஷெல் சாதாரண எழுத்தாகவே பார்க்கும்.

எல்லா வீடியோக்களையும் சுற்றிவர, ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் விடையை லூப்புக்குள் கொடுக்காதீர்கள், அங்கேயும் இதே வெட்டுதான். ஃபோல்டர் மாறியைக் குறிக்குள் வைத்து, அதை அடுத்து சாய்கோட்டையும் நட்சத்திரத்தையும் குறிக்கு வெளியே எழுதுங்கள். நட்சத்திரம் குறிக்குள் போனால் வெறும் எழுத்தாகிவிடும். வெளியே இருந்தால் ஒவ்வொரு ஃபைல் பெயரும் இடைவெளியோடு முழுதாக வரும்.

சோதித்துப் பார்க்க, கொடுத்ததை அப்படியே அச்சிடும் எக்கோ கட்டளையை நம்ப வேண்டாம். மூன்று துண்டுகளையும் இடையில் ஒரு இடைவெளி விட்டு அச்சிடுவதால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். ஸ்கிரிப்டை ‘பாஷ் -எக்ஸ்’ என்று ஓட்டுங்கள். இடைவெளி உள்ள துண்டை ஒற்றைக் குறிக்குள் காட்டும், எது எங்கே வெட்டுப்பட்டது என்று உடனே தெரிந்துவிடும்.

ஃபைலை அழிக்கும் கட்டளை உள்ள வரியை மட்டும் இரண்டு முறை பாருங்கள். 2001இல் மேக்குக்கு வந்த ஐடியூன்ஸ் 2.0 நிறுவியில், பழையதை நீக்கும் வரியில் இந்தக் குறி விடுபட்டிருந்தது. பெயரில் இடைவெளி உள்ள வட்டு வைத்திருந்த சிலருடைய தரவு அழிந்துபோனது. ஆப்பிள் அதைத் திரும்பப் பெற்று 2.0.1ஐ வெளியிட்டது.

அப்புறம், விண்டோஸுக்கு மாறினால் கதை வேறு. அங்கே முழு வரியும் ஒரே சரமாக நிரலுக்குப் போகும், பிரிக்கும் வேலை நிரலுடையது. விண்டோஸின் கட்டளைச் சாளரமான சிஎம்டியில் இரட்டைக் குறி மட்டும்தான் செல்லும். பாதை பின்சாய்கோட்டில் முடிந்து உடனே குறி வந்தால், பெரும்பாலான நிரல்கள் அந்தக் குறியைப் பாதையின் எழுத்தாக எடுத்துக்கொண்டு அடுத்து வருவதையும் சேர்த்து விழுங்கிவிடும். ஃபைல்களை நகலெடுக்கும் ரோபோகாப்பி கட்டளையில் பலர் சிக்குவது இங்கேதான். கடைசிப் பின்சாய்கோட்டை எடுத்துவிட்டால் போதும்.