‘சாப்பிட வா’ என்கிற மன்னிப்பு

அன்புள்ள ஐயா,

பெங்களூர் அல்சூரில் வளர்ந்தவன். வயது 38, ஐடி வேலை. சின்ன வயதில் அப்பா பெல்ட்டால் விளாசுவார். இன்றும் மேனேஜர் ‘ஒரு நிமிஷம் வாங்க’ என்றால் உள்ளங்கை வேர்த்துவிடுகிறது. ஆபீஸ் கவுன்சலர் அந்த அடிகளின் விளைவு என்கிறார். இதெல்லாம் வெள்ளைக்காரன் கணக்கு, நமக்குப் பொருந்துமா? அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார், அவரிடம் கேட்கலாமா? போன வாரம் என் 7 வயது மகனை நானும் ஸ்கேலால் அடித்துவிட்டேன். அடியாத மாடு பணியாது என்பார்களே!

முரளி

அன்புள்ள முரளி,

பழமொழியை மாட்டுக்கே விட்டுவிடுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது பையன்.

வெள்ளைக்காரன் கணக்கா? 2005இல் லான்ஸ்ஃபோர்டு என்ற ஆய்வாளரின் குழுவினர் சீனா, இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து என்று 6 நாடுகளில் 336 தாய்மார்களையும் அவர்கள் பிள்ளைகளையும் விசாரித்தார்கள். ஊரெல்லாம் அடிக்கிற இடத்தில் அடி வாங்குவதற்கும் பிள்ளையின் பதற்றத்துக்கும் உள்ள தொடர்பு சற்றுக் குறைவு. ஆனால் எங்கேயும் அற்றுப்போகவில்லை. பெரியவர்களான பிறகு என்ன ஆகிறது என்பதற்கு 1998இல் அமெரிக்காவில் வந்த ஃபெலிட்டியின் ஆய்வு: சிறுவயதுக் கொடுமைகளின் வகை கூடக்கூட மனச்சோர்வும் குடியும் தற்கொலை முயற்சியும் கூடின. பெல்ட் அடி வாங்கிய எல்லோருக்கும் கை வேர்க்கும் என்று இதற்குப் பொருளில்லை. உங்களுக்கு வேர்க்கிறது, அவ்வளவுதான்.

என்னை உறுத்துவது வேறு. நம் வீடுகளில் அடித்த கை மன்னிப்புக் கேட்காது. ஒரு மணி நேரம் கழித்து அடுக்களையிலிருந்து குரல் வரும்: ‘சாப்பிட வா.’ தட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி நெய் கூட இருக்கும். அதில் பாசம் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நடந்தது தப்பு என்று யாருமே சொல்லவில்லையே! அப்போது பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? தப்பு தன்னுடையது, அடியும் அன்பும் ஒரே கையிலிருந்துதான் வரும். 30 வருஷம் கழித்து மேனேஜர் கூப்பிடும்போது வேர்ப்பது இந்த முடிவுதான்.

ஆகவே மகனிடம் மன்னிப்புக் கேளுங்கள். போன வாரத்து விஷயம்தானே என்று விடாதீர்கள், இன்றைக்கே, அவன் தூங்கப்போகும் முன். தரையில் உட்காருங்கள், உங்கள் முகம் அவன் முகத்துக்கு நேரே இருக்கட்டும். ‘அன்னைக்கு உன்னை ஸ்கேலால அடிச்சேன். அது அப்பா பண்ண தப்பு.’ அதோடு நிறுத்துங்கள். ‘ஆனா நீயும் படிச்சிருக்கணும்ல’ என்று நாக்கு நுனியில் வரும், விழுங்கிவிடுங்கள். அந்த ‘ஆனா’ வந்தால் மன்னிப்பு அங்கேயே செத்துப்போகும். ‘அப்பாவை மன்னிச்சிட்டியா?’ என்றும் கேட்காதீர்கள், உங்களைத் தேற்றுவது அவன் வேலையில்லை. சாக்லேட் வேண்டவே வேண்டாம், அது நெய்க்கு வாரிசு. அவன் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் படுத்தால் படுக்கட்டும்.

அடுத்த வாரமே மறுபடி அடித்தால் சொன்ன சொல்லுக்கு மதிப்பிருக்காது. எந்த நேரத்தில் கை ஓங்குகிறது என்று பாருங்கள். சில்க் போர்டு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்று, எட்டரைக்குப் பசியோடு வந்து, ஷூவைக் கழற்றியதும் கணக்கு நோட்டைத் திறப்பவரா நீங்கள்? முதலில் சாப்பிடுங்கள். நோட்டை உங்கள் மனைவி பார்க்கட்டும், அல்லது காலைக்கு வையுங்கள். ஸ்கேல் பென்சில் பாக்ஸுக்குள்ளேயே கிடக்கட்டும்.

சட்டத்தை நம்பி உட்கார முடியாது. ஸ்வீடன் 1979லேயே வீட்டு அடியையும் தடைசெய்தது. நம் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிக்குப் போட்ட தடை பள்ளி வாசலோடு நின்றுவிடுகிறது.

உங்கள் வேர்வைக்கு ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. போக முடியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசில்லை, ராத்திரியிலும் எடுப்பார்கள். தமிழைத் தேர்ந்தெடுங்கள். அடி வாங்கியது தமிழில், அதை ஏன் ஆங்கிலத்தில் சொல்லிக் கஷ்டப்படுகிறீர்கள்?

அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். கேளுங்கள், ஆனால் பையன் பள்ளிக்குப் போன பிறகு, தனியாக. ‘ஏன் அடிச்சீங்க’ என்றால் கேஸ் நடத்துவதுபோல் ஆகிவிடும். ‘பெல்ட்டை எடுக்கும்போது எனக்கு ரொம்பப் பயமா இருக்கும்ப்பா’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அவர் கொஞ்ச நேரம் பேப்பரைப் பார்த்துவிட்டு, ‘சாப்டியா?’ என்று கேட்கலாம்.