மூக்கு வழியே ஒரு ஆபரேஷன்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 46 வயது, ரப்பர் பால்வெட்டு வேலை. கொஞ்ச மாதமாகப் பக்கத்தில் நிற்கும் மரத்திலெல்லாம் தோள் இடிக்கிறது. கண்ணாடி மாற்றியும் பலனில்லை. ஸ்கேனில் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் 2.4 செ.மீ. கட்டி. மூக்கு வழியாக எடுக்கலாம் என்கிறார்கள். மாத்திரையில் கரையாதா? – வாசகி, குலசேகரம்

பதில்: அதற்கு ரத்தத்தில் அந்தச் சுரப்பி சுரக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் அளவு தெரிய வேண்டும். அது பல மடங்கு ஏறியிருந்தால் கட்டி பெரிதென்றாலும் முதலில் கேபர்கோலின் மாத்திரைதான், வாரம் இருமுறை. பெரும்பாலானவர்களுக்குக் கத்தியே தேவைப்படாது. லேசாக மட்டும் கூடியிருந்தால் வேறு வகைக் கட்டி சுரப்பியின் காம்பை நெரிப்பதால் இருக்கலாம். அது மாத்திரைக்குச் சுருங்காது. ரிப்போர்ட்டில் இந்த எண் இல்லையென்றால், தேதி குறிக்கும் முன் கேட்டு வாங்குங்கள்.

மரத்தில் இடிப்பதற்குக் காரணம் இது: பட்டாணி அளவுள்ள அந்தச் சுரப்பிக்கு நேர் மேலேதான் இரு கண் நரம்புகளும் குறுக்கிடுகின்றன. கட்டி கீழிருந்து முட்டினால் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை மங்கும். நேர்ப்பார்வை தெளிவாகவே இருப்பதால் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் கடகடவென்று படித்துவிடுவார். பெரிமெட்ரி என்ற பார்வைப்புலச் சோதனையில்தான் பிடிபடும். பார்வை குறைந்துகொண்டே போனால் தள்ளிப்போடாதீர்கள்.

ஆபரேஷனில் 4 மி.மீ. தடிமனுள்ள எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை மூக்கினுள் விடுவார்கள். மூக்கின் கடைசியில் ஸ்பீனாய்டு என்ற காற்றறை. அதன் பின்சுவர் எலும்பைத் துருவினால் சுரப்பியின் குழி. உறையைக் கீறி, பெரும்பாலும் மெத்தென்றிருக்கும் கட்டியை க்யூரெட் என்ற வளைந்த கருவியால் சுரண்டி உறிஞ்சி எடுப்பார்கள். குழியின் இருபுறமும் மூளைக்கு ரத்தம் கொண்டு போகும் கரோட்டிட் தமனிகள் ஓடுகின்றன. கட்டி அவற்றைச் சுற்றியிருந்தால் அங்கே கொஞ்சம் விட்டுவைப்பதுதான் புத்திசாலித்தனம்; 'முழுசா எடுக்கலையே' என்று மருத்துவரிடம் கோபப்பட வேண்டாம். மூளைநீர் கசிந்தால் தொடை அல்லது வயிற்றுக் கொழுப்பும் மூக்கு நடுச்சுவரின் சவ்வும் வைத்து அடைப்பார்கள். அந்த அடைப்பு பிடிக்கும்வரை, நாலு முதல் ஆறு வாரம், குனிந்து பால் வெட்டக் கூடாது. பால் வாளியும் தூக்கக் கூடாது.

வேறு ஆஸ்பத்திரியில் இரண்டாம் கருத்துக் கேட்பதானால் எழுத்து ரிப்போர்ட்டை மட்டும் கொண்டு போகாதீர்கள். எம்ஆர்ஐ சிடி கையில் இருக்கட்டும். மருத்துவர் பார்க்க விரும்புவது படத்தைத்தான்.

கேள்வி: அம்மாவுக்கு இதே ஆபரேஷன் முடிந்து ஆறு நாள். இன்று காலை குனிந்தபோது ஒரு மூக்கிலிருந்து வெள்ளம் (தண்ணீர்) போலச் சொட்டியது. ஜலதோஷமா? – வாசகர், தக்கலை

பதில்: இல்லையென்று நிரூபணம் ஆகும்வரை மூளைநீர்க் கசிவு என்றே எடுத்துக்கொண்டு இன்றே ஆபரேஷன் செய்த இடத்துக்குக் கொண்டு போங்கள். சளி கைக்குட்டையில் காய்ந்தால் விறைக்கும், இது விறைக்காது. ஒரு சுத்தமான குப்பியில் பிடித்துக் கொடுத்தால் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் சோதனையில் உறுதியாகிவிடும். கசிவு திறந்தே கிடந்தால் மூளைக்காய்ச்சல் வரலாம். மூக்கைச் சிந்தவே வேண்டாம். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மட்டும். மலம் கழிக்க முக்கினாலும் உள்ளழுத்தம் ஏறும். மருத்துவரிடம் மலமிளக்கி கேளுங்கள். தலையணையை உயர்த்தி வையுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். நாலாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை சிலருக்கு ரத்தத்தில் சோடியம் உப்பு இறங்கும். தலைவலி, வாந்தி, பேச்சில் தடுமாற்றம் வந்தால் 'ஆபரேஷன் அசதி' என்று படுக்க வைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் வெள்ளமும் இளநீருமாகக் குடிக்கக் கொடுத்தால் இன்னும் இறங்கும். ஏழாம் நாள் ஒரு ரத்தப் பரிசோதனை போதும், முன்னாலேயே தெரிந்துவிடும். இதற்கு நேர்மாறாகத் தாகம் அடங்காமல் வெளிர்ந்த சிறுநீர் லிட்டர் லிட்டராகப் போனால் அது வேறு கோளாறு, டெஸ்மோபிரெசின் கொடுப்பார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை எழுதியிருந்தால் ஒரு வேளையும் விடக் கூடாது.

கேள்வி: கன்னத்தில் மின்னல் வெட்டுவது போல் வலி. இரண்டு பல் பிடுங்கியும் போகவில்லை. – வாசகர், குளச்சல்

பதில்: மூன்றாவது பல்லையாவது காப்பாற்றுங்கள். முகம் கழுவும்போதும் சவைக்கும்போதும் சில வினாடி வெட்டி மறைகிறதென்றால் முக நரம்பு வலியாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். கார்பமாசெபின்தான் முதல் மருந்து. தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்து கேட்காவிட்டால், காதுக்குப் பின்னால் சிறு துளையிட்டு, நரம்பை அழுத்தும் ரத்தக்குழாயை விலக்கி இடையில் டெஃப்லான் பஞ்சு வைப்பார்கள். மயக்கம் தாங்காத வயதானவர்களுக்குக் கன்னம் வழியாக ஊசி செலுத்தி நரம்பைச் சூடேற்றலாம். அதில் கன்னம் மரத்துப்போகும், வலி திரும்பவும் வரலாம்.