மணிக்கணக்கில் இல்லை குறை, பிரிவில்தான்

பிரிட்டனில் வயதுவந்தோர் நர்சிங் படித்து, 2,300 மணி நேரம் வார்டுப் பயிற்சியும் முடித்த உங்கள் செவிலியர் உரிம விண்ணப்பத்தை, மகப்பேறும் குழந்தை நலமும் போதாது என்று அமெரிக்க மாநில நர்சிங் வாரியம் திருப்பியிருப்பதாலேயே, அமெரிக்கப் படிப்பு உயர்ந்தது என்று நீங்கள் முடிவு செய்துவிட வேண்டாம்.

வடிவம்தான் வேறு. பிரிட்டனில் வயதுவந்தோர், குழந்தைகள், மனநலம், கற்றல் குறைபாடு என நான்கு பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்து படிக்கிறோம். அமெரிக்காவிலோ எல்லாப் பிரிவுகளையும் தொட்ட பொதுச் செவிலியரையே எதிர்பார்க்கிறார்கள். ஆகவே பல்கலைக்கழகத்திடம் மொத்த மணிக்கணக்கைக் கேட்காமல், பாடவாரியாக வகுப்பு எத்தனை மணி, வார்டு எத்தனை மணி என்று பிரித்து எழுதித் தரும்படி கேளுங்கள். மகப்பேறு வார்டில் கழித்த இரண்டு வாரம் ‘பிற அனுபவம்’ என்ற ஒற்றை வரிக்குள் புதைந்து கிடந்தால், வாரியத்தின் கண்ணுக்கு அது படாது. அப்படியும் குறை இருந்தால், விடுபட்ட பாடத்தை மட்டும் தனியாகப் படித்தால் ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அமெரிக்காவில் செவிலியர் உரிமம் பெற எழுத வேண்டிய என்க்ளெக்ஸ் (NCLEX) தேர்வு உங்களுக்குப் புதிதாகவே இருக்கும், ஏனெனில் பிரிட்டனில் படித்தவர்கள் தேசிய உரிமத் தேர்வு எதுவும் எழுதாமலே பதிவு பெறுகிறார்கள். 85 முதல் 150 கேள்விகள் வரை வரும். ஒரு கேள்விக்குச் சரியான விடை சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும். நான்கு நோயாளிகளைக் காட்டி, முதலில் யாரைப் பார்ப்பீர்கள் என்று கேட்கும் கேள்விகளில் அதிகம் பழகுங்கள்.