பழைய மெயில் சர்வருக்குப் பாதுகாப்பு உறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நிறுவனம் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கிறது. மெயில் சர்வர் எங்கள் அலுவலகத்திலேயே, ஒரு பழைய லினக்ஸ் கணினியில் ஓடுகிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பிரிவுகளில் இருப்பவர்கள் இணையம் வழியாகச் சர்வரின் 110-ஆம் போர்ட்டில் (எண்ணிட்ட இணைப்பு வாயிலில்), பாப்3 முறையில் மெயில் எடுக்கிறார்கள். அந்த மென்பொருளில் டிஎல்எஸ் வசதி, அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி இணைப்பை மறையாக்கம் செய்யும் வசதி, கிடையாது. எழுதித் தந்தவர்களும் இப்போது இத்தொழிலில் இல்லை. எங்களிடம் பொருள் வாங்கும் நிறுவனத்தின் தணிக்கையாளர்கள் இதை ஏற்க மறுத்துவிட்டார்கள். எஸ்டனல் என்ற கட்டளைவரி நிரலைப் போட்டால் சர்வரைத் தொடாமலேயே சரிசெய்யலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். நம்பி இறங்கலாமா?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: இறங்கலாம். ஆனால் நிரலை நிறுவுவது வேலையில் பாதிகூட இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

தணிக்கையாளர்கள் மறுத்தது நியாயமே. பாப்3-ல் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் எந்த மறைப்புமின்றி எழுத்துக்கு எழுத்து அப்படியே கம்பியில் போகின்றன. உங்கள் ஊழியர் ஒருவர் ஏதோ ஓர் உணவகத்தின் வைஃபையில் மெயில் பார்த்தால், அதே வைஃபையைக் கவனிக்கத் தெரிந்தவருக்கு அவருடைய பாஸ்வேர்டு கிடைத்துவிடும்.

எஸ்டனலைப் போலந்து நாட்டின் மிகாவ் ட்ரோய்னாரா எழுதினார். முதல் பதிப்பு 1998-ல் வெளிவந்தது. அது தானாக மறையாக்கம் செய்வதில்லை. அந்த வேலையை ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்திடம் ஒப்படைத்துவிட்டு, வெளியிலிருந்து வரும் டிஎல்எஸ் இணைப்பை ஏற்று, பிரித்து, உள்ளிருக்கும் சர்வரிடம் சாதாரண இணைப்பாகக் கொடுக்கிறது. சர்வருக்கு நடுவில் ஒருவர் நிற்பதே தெரியாது. பழைய குறிப்புகளில் போர்ட் எண்களைக் கட்டளைவரியிலேயே கொடுக்கும் முறையைக் காண்பீர்கள். 2002-ல் வந்த நான்காம் பதிப்பு முதல் அமைப்புகள் ஒரு கோப்புக்குள் போய்விட்டன. அந்தக் கோப்பில் உங்களுக்குத் தேவையானவை சில வரிகள்தாம்: சர்வரின் அடையாளத்தைக் காட்டும் சான்றிதழும் அதன் ரகசியச் சாவியும் இருக்கும் இடம், அக்செப்ட் என்பதற்கு எதிரே 995 (மறையாக்கம் செய்த பாப்3-க்கான போர்ட்), கனெக்ட் என்பதற்கு எதிரே 127.0.0.1-இன் (அதே கணினியின்) 110. மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் படிக்கும் ஐமேப் முறையைப் பயன்படுத்துவோர் இவற்றுக்குப் பதிலாக 993, 143 என்று எழுதிக்கொள்ள வேண்டும். சாவிக் கோப்பை ரூட் பயனர் (கணினியின் முழு அதிகாரம் உள்ள நிர்வாகி) தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி அனுமதிகளைச் சுருக்கிவிடுங்கள்.

நீங்கள் 'பழைய லினக்ஸ்' என்று எழுதியிருப்பது எனக்குக் கவலை தருகிறது. 2012-ல் வந்த 1.0.1 பதிப்புக்கு முந்தைய ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு டிஎல்எஸ் 1.2 தெரியாது. டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் கைவிட வேண்டும் என்று இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 2021-ல் அறிவித்துவிட்டது. ஆகவே அந்தக் கணினியிலேயே எஸ்டனலைப் போட்டால், புதிய மெயில் செயலிகள் இணைய மறுக்கலாம், தணிக்கையாளரும் திரும்ப மறுப்பார். இன்றைய லினக்ஸ் போட்ட சிறிய கணினி ஒன்றைப் பழைய சர்வரின் பக்கத்திலேயே வைத்து, எஸ்டனலை அதில் ஓட்டுவதே சரியான வழி. கனெக்ட் வரியில் அப்போது பழைய சர்வரின் உள் முகவரி வரும். இரண்டுக்கும் இடையே போகும் செய்தி மறையாக்கம் இல்லாதது என்பதால், அந்த இணைப்பு அலுவலகத்தின் பொதுவான ஸ்விட்ச் வழியாகப் போகாமல் தனிக் கேபிளில் நேரடியாகப் போகட்டும்.

அடுத்து, பலர் மறந்துவிடும் வேலை: 995 திறந்த பிறகும் 110 வெளியுலகுக்குத் திறந்தே இருந்தால், பழைய அமைப்பிலேயே விடப்பட்ட ஒவ்வொரு கணினியும் முன்போலவே பாஸ்வேர்டை வெளிப்படையாக அனுப்பிக்கொண்டிருக்கும். மெயில் வந்துகொண்டே இருப்பதால் யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். எல்லாரையும் 995-க்கு மாற்ற ஒரு தேதி குறித்து, அந்தத் தேதியில் ஃபயர்வாலில் 110-ஐ மூடிவிடுங்கள். பிறகு எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகள் வெளிப்படையாகப் போன பாஸ்வேர்டுகளை இனி நம்புவதற்கில்லை.

மெயில் அனுப்பும் பக்கத்தையும் இதே முறையில், 465-இல் வாங்கி 25-க்குக் கொடுப்பதாக அமைக்க நினைத்தால், தயவுசெய்து இந்தப் பத்தியை முழுவதும் படித்துவிட்டுச் செய்யுங்கள். எஸ்டனல் வழியாக வரும் எல்லா இணைப்புகளும், அவை உலகின் எந்த மூலையிலிருந்து வந்தாலும், உங்கள் சொந்தக் கணினியிலிருந்தோ பக்கத்துக் கணினியிலிருந்தோ வருவதாகவே மெயில் சர்வருக்குத் தோன்றும். உள்ளிருந்து வருபவரிடம் பாஸ்வேர்டு கேட்காமல் மெயில் அனுப்பவிடுவது பல சர்வர்களின் வழக்கமான அமைப்பு. இவ்விரண்டும் சேர்ந்தால், 465-ஐக் கண்டுபிடிக்கும் எவரும் உங்கள் பெயரில் குப்பை மெயில் அனுப்பலாம். உங்கள் முகவரி தடைப்பட்டியல்களில் ஏறிவிடும், பிறகு நீங்கள் அனுப்பும் விலைப்பட்டியல்கூட வாடிக்கையாளருக்குப் போய்ச் சேராது. எஸ்டனலுக்கென்று தனி உள் போர்ட் ஒன்றைத் திறந்து, அதில் பாஸ்வேர்டு தராத யாரையும் அனுமதிக்காதபடி அமைக்க வேண்டும். உங்கள் சர்வரில் அப்படி அமைக்க முடியாது என்றால், அனுப்பும் வேலைக்கு இம்முறையைப் பயன்படுத்தவே வேண்டாம். இதே காரணத்தால் சர்வரின் பதிவேட்டில் உண்மையான முகவரிகள் இனிப் பதியாது. ஆகவே எஸ்டனலின் பதிவேட்டைத் தனியாகச் சேமித்து வையுங்கள்.

ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளையால் வெளியிலிருந்து 995-ஐத் தொட்டுப் பாருங்கள். சான்றிதழ் விவரங்களுக்குப் பிறகு சர்வரின் 'ஓகே' வரி வந்தால் இணைப்பு சரியாக இருக்கிறது. சான்றிதழைப் புதுப்பிக்கும்போதெல்லாம் எஸ்டனல் தன் அமைப்பை மீண்டும் படிக்கும்படி செய்ய வேண்டும், இல்லையேல் காலாவதியானதையே காட்டிக்கொண்டிருக்கும்.

போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட் போன்ற மெயில் சர்வர் மென்பொருள்களை வைத்திருக்கும் மற்ற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றிலேயே டிஎல்எஸ் இருக்கிறது, அதையே பயன்படுத்துங்கள். இந்த உறை, வேறு வழியில்லாத சர்வர்களுக்கு மட்டுமே.

கேள்வி: மயிலாப்பூரில் எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் உள்ள பழைய ஸ்கேனர், படியெடுத்ததை மெயிலில் அனுப்பும். இப்போது மெயில் சேவை நிறுவனம் மறையாக்கம் இல்லாத இணைப்பை ஏற்பதில்லை. ஸ்கேனரைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: வேண்டாம் அம்மா. எஸ்டனலை எதிர்த்திசையிலும் ஓட்டலாம். அலுவலகத்தில் எப்போதும் இயங்கும் ஒரு கணினியில், கிளையன்ட் என்ற வரிக்கு எதிரே 'யெஸ்' என்று எழுதினால், அது ஸ்கேனரிடமிருந்து சாதாரண இணைப்பை வாங்கி, சேவை நிறுவனத்தின் 465-ஆம் போர்ட்டுக்கு மறையாக்கம் செய்து கொடுக்கும். ஸ்கேனரில் அந்தக் கணினியின் முகவரியைச் சர்வர் முகவரியாகக் கொடுத்தால் போதும். சேவை நிறுவனம் 587-ஐ மட்டும் தந்தால், ப்ரோட்டோக்கால் என்ற வரியில் எஸ்எம்டிபி (மெயில் அனுப்பும் முறையின் பெயர்) என்று சேர்க்க வேண்டும்.

இங்கே கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எஸ்டனல் தானாக எதிர்முனையின் சான்றிதழைச் சரிபார்க்காது. செய்தி மறையாக்கமாகத்தான் போகும், ஆனால் யாரிடம் போகிறது என்பதற்கு உறுதி இருக்காது. உங்கள் கட்சிக்காரர்களின் பான் அட்டையும் வங்கிக் கணக்குத் தாள்களும் அந்த ஸ்கேனரில் போகின்றன. சான்றிதழைச் சரிபார்க்கச் சொல்லும் வெரிஃபைசெயின், செக்ஹோஸ்ட், சிஏஃபைல் ஆகிய மூன்று வரிகளையும் எழுதி, சர்வரின் பெயரைச் சரியாகக் குறிப்பிட்ட பிறகே பயன்பாட்டுக்குக் கொண்டுவாருங்கள். அந்தக் கணினியில் ஸ்கேனரின் முகவரிக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

கேள்வி: இப்படி மறையாக்கம் செய்தால் என் மெயிலை வேறு யாராலும் படிக்க முடியாதா?
– ஒரு மாணவர், தாம்பரம்

பதில்: வழியில் இருப்பவர்களால் படிக்க முடியாது, சர்வரை நிர்வகிப்பவரால் முடியும். டிஎல்எஸ் உங்கள் கணினிக்கும் சர்வருக்கும் இடைப்பட்ட பயணத்தை மட்டுமே மறைக்கிறது. சர்வரில் மெயில் படிக்கும்படியாகவே இருக்கிறது. அங்கிருந்து அடுத்த சர்வருக்குப் போகும் பயணம் வேறு ஓர் இணைப்பு. அனுப்பியவரும் பெறுபவரும் தவிர எவரும் படிக்கக்கூடாது என்றால், செய்தியையே ஓப்பன்பிஜிபி அல்லது எஸ்-மைம் முறையில் மறையாக்கம் செய்ய வேண்டும். அப்போதும் யார் யாருக்கு எப்போது எழுதினார் என்பது சர்வருக்குத் தெரியும்.