எவர்சில்வர் க்ரௌலர்: ஜில்லென்று எத்தனை மணி நேரம்?

வாசகர் கேள்வி – பதில்

பீர்க் குழாயில் நேராகப் பிடித்து, மூடி, வீட்டுக்கு எடுத்துப்போகும் பெரிய குப்பிதான் க்ரௌலர். வழக்கமான அளவு 1.9 லிட்டர். அதில் பாதியாக 0.95 லிட்டரில் சின்னதும் உண்டு. இரட்டைச் சுவர் போட்டு நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த எவர்சில்வர் க்ரௌலர்களைப் பற்றி வந்த கேள்விகள் மட்டும் இந்த முறை.

கேள்வி: ‘24 மணி நேரம் குளிர்ச்சி’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா?

எந்த வெப்பநிலையில் ஊற்றி, எந்த வெப்பநிலையுள்ள அறையில் வைத்து, எத்தனை டிகிரி வரை ஏறினால் ‘குளிர்ச்சி’ என்று கணக்கு? இந்த மூன்றையும் சொல்லாத வாக்குறுதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே ஐஸ் கட்டி போட்டுச் சோதித்தார்களா என்பது நாலாவது கேள்வி. ஐஸ் உருகி முடிகிற வரை வெப்பநிலை கிட்டத்தட்ட பூஜ்யத்திலேயே நிற்கும். பீரில் யாரும் ஐஸ் போடப்போவதில்லை.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 1.9 லிட்டர் பீரையும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் உள்சுவரையும் ஒரு டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 8 கிலோஜூல் வேண்டும். பீர் 3 டிகிரி, அறை 25 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குப்பிக்குள் ஒரு வாட் வெப்பம் கசிந்தால் மணிக்கு 3.6 கிலோஜூல். அதாவது தொடக்கத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி ஏறும். உள்ளே சூடு ஏற ஏறக் கசிவின் வேகம் குறைவதால், 24 மணி நேரம் கழித்துப் பீர் 11, 12 டிகிரியில் இருக்கும். ஜில்லென்று குடிக்கிற லாகர் வகைப் பீர்க்காரருக்கு அது வெதுவெதுப்பு. கறுப்பான ஸ்டவுட் வகைப் பீர் குடிப்பவருக்கு அதுதான் பதம். ஒரே குப்பியை ஒருவர் மெச்சுவதும் இன்னொருவர் திட்டுவதும் பாதிக்குப் பாதி இதனால்தான்.

உங்கள் குப்பியைச் சோதிக்கப் பீரை வீணாக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரைக் கழுத்து வரை ஊற்றுங்கள், ஐஸ் கூடாது. தெர்மாமீட்டரில் அளந்து குறித்துக்கொண்டு மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். 24 மணி நேரம் இடையில் திறக்கவே கூடாது. திறப்பதற்கு முன் ஒருமுறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் மேலே வந்து நிற்பதால், கலக்காமல் அளந்தால் அளவு தப்பும். ஏறிய டிகிரியை, தொடக்கத்தில் அறைக்கும் தண்ணீருக்கும் இருந்த வித்தியாசத்தால் வகுத்தால் ஒரு எண் வரும். மேலே சொன்ன உதாரணத்தில் அது 0.39. ஒரே அளவுள்ள இரண்டு குப்பிகளில் எது மேல் என்று அந்த எண் சொல்லிவிடும், அட்டைப்பெட்டி சொல்லாது.

கேள்வி: பீர் கொஞ்சம் சூடேறிவிட்டது என்று க்ரௌலரோடு ஃபிரிட்ஜில் வைத்தேன். ராத்திரி முழுக்க இருந்தும் ஜில்லென்று ஆகவில்லை. குப்பி பழுதா?

பழுதில்லை, நல்ல குப்பி! வெளிச்சூட்டை உள்ளே விடாத சுவர், உள்சூட்டையும் வெளியே விடாது. 15 டிகிரி பீரை 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைத்தால் வித்தியாசம் வெறும் 11 டிகிரி. முன் கணக்கின்படி வெளியேறும் வெப்பம் அரை வாட்தான், நாலு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி இறங்கினால் உண்டு. குப்பி எதையும் குளிர வைக்காது. ஊற்றிய குளிரைத் தக்கவைக்கப் பார்க்கும், அவ்வளவுதான். சூடேறிய பீரை மீட்க வேண்டுமானால், குடிக்கிற அளவைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றி ஐஸ் தண்ணீரில் நிறுத்துங்கள். கொஞ்சம் வாயு போகத்தான் செய்யும்.

கேள்வி: ஊற்றும் முன் குப்பியைக் குளிர வைக்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு வித்தியாசம் தெரியுமா?

வெப்பக் கணக்கில் சின்ன வித்தியாசம், நுரைக் கணக்கில் பெரிய வித்தியாசம்.

பெரிய க்ரௌலரின் உள்சுவர் சுமார் அரை கிலோ எஃகு என்று கொண்டால், 25 டிகிரியில் இருக்கும் அது 3 டிகிரி பீரை முக்கால் டிகிரி சூடேற்றும். வெயிலில் நின்ற காருக்குள் கிடந்த குப்பி என்றால் ஒரு டிகிரிக்கு மேலேயே போகும். ஆனால் வெதுவெதுப்பான சுவரில் பீர் பட்ட உடனே கரைந்திருந்த கரியமில வாயு பிய்த்துக்கொண்டு வெளியேறும். பாதிக் குப்பி நுரையாக நிற்கும். அதை வழியவிட்டு வழியவிட்டு நிரப்புவார்கள். போனது நுரை மட்டுமல்ல, பீரிலிருந்த விறுவிறுப்பும்தான்.

செய்முறை சுலபம். இரண்டு கை ஐஸ், மீதி குளிர்ந்த தண்ணீர், மூடி பத்து நிமிடம். நடுவில் இரண்டு தடவை குலுக்குங்கள். பிறகு கொட்டி, முழுக்கச் சொட்ட விடுங்கள். காலிக் குப்பியை மூடியோடு ஃபிரிட்ஜில் வைப்பது பலன் தராது: வெளிச்சுவர்தான் குளிரும், உள்சுவர் அப்படியே இருக்கும். ஃபிரீசரில் வைக்கவே வேண்டாம். உள்ளே மிச்சமிருக்கும் திரவம் உறைந்து விரிந்தால் உள்சுவர் பிதுங்கிவிடும்.

பிடிக்கும்போது, குழாயில் செருகிய நீளமான பிளாஸ்டிக் குழல் குப்பியின் அடியைத் தொட வேண்டும். பீர் அடியிலிருந்து அமைதியாக ஏற வேண்டும், மேலிருந்து விழக் கூடாது. கடைசியில் கொஞ்சம் நுரை வாய் வரை வந்து காற்றைத் தள்ளிவிட்ட அந்த நொடியில் மூடியைத் திருகுவதுதான் கைத்திறன். நுரையின் மேல் மூடுங்கள், காற்றின் மேல் மூடாதீர்கள்.

கேள்வி: நிறைய இருந்தவரை நன்றாக இருந்தது. பாதி குடித்துவிட்டு மூடி வைத்தேன், மறுநாள் சூடாகவும் சப்பென்றும் இருந்தது. ஏன்?

இரண்டு நஷ்டம் சேர்ந்து வந்திருக்கிறது. உள்ளே கசியும் வெப்பம் ஏறக்குறைய அதே அளவு, ஆனால் அதைத் தாங்கப் பாதிப் பீர்தான் இருக்கிறது. முதல் கேள்வியில் 11, 12 டிகிரிக்கு வந்த அதே குப்பி, பாதி நிறைந்திருந்தால் 16 டிகிரியை நெருங்கிவிடும். சின்ன க்ரௌலருக்கும் பெரியதற்கும் இதே கதைதான்: கொள்ளளவு பாதியானாலும் பரப்பு பாதியாவதில்லை, கழுத்தும் மூடியும் குறைவதே இல்லை. ஒரு லிட்டர்தான் தேவை என்றால் சின்னக் குப்பி முழுக்க வாங்குங்கள், பெரிய குப்பியில் பாதி வேண்டாம்.

இனி வாயு. சாதாரண லாகர் ஒரு லிட்டரில் சுமார் இரண்டரை லிட்டர் கரியமில வாயு கரைந்திருக்கும். பாதி காலியான குப்பியில் பீருக்கு மேலே கிட்டத்தட்ட ஒரு லிட்டர் காலி இடம். அந்த இடத்தை நிரப்பிச் சமநிலைக்கு வருகிற வரை பீர் தன்னிடமிருக்கும் வாயுவைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டால், 3 டிகிரியிலேயே இரண்டரை பங்கு ஒன்றரைப் பங்காக இறங்கும். ஆடாமல் வைத்தால் மெதுவாக நடக்கும், காரில் குலுங்கினால் சீக்கிரம் நடக்கும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் இதைத் தடுக்க முடியாது. கூடவே புகுந்த காற்றிலுள்ள ஆக்சிஜன் ஈர அட்டை போன்ற ஒரு வாடையைக் கொண்டுவரும். திறந்தால் அன்றோ மறுநாளோ முடித்துவிடுவது நல்லது. திறக்காத க்ரௌலருக்கே இரண்டு மூன்று நாள்தான் எங்கள் கணக்கு.

இதற்கு மருந்து, கரியமில வாயுக் குப்பி பொருத்தும் அழுத்த மூடி. 8 கிராம் குப்பியில் ஏறக்குறைய நாலரை லிட்டர் வாயு இருக்கும். 1.9 லிட்டர் பீரை 11 பிஎஸ்ஐ அழுத்தத்தில் கடைசிச் சொட்டு வரை தள்ள மூன்றேகால் லிட்டர் போதும். அப்படியும் 8 கிராம் தீர்ந்துபோகிறது என்றால் எங்கோ கசிகிறது: மூடியின் மரையிலும் வளையத்திலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். உணவுத் தர வாயுக் குப்பிதானா என்று பார்த்து வாங்குங்கள். காற்றுத் துப்பாக்கிக்கான குப்பியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடும்.

கேள்வி: காப்பி, டீ எடுத்துப்போகும் ஃபிளாஸ்க்கில் பீர் ஊற்றலாமா? அதுவும் வெற்றிடச் சுவர்தானே?

சுவர் ஒன்றுதான், மூடி வேறு. இரண்டரை பங்கு வாயு உள்ள பீர் 3 டிகிரியில் சுமார் 11 பிஎஸ்ஐ அழுத்தம் கொடுக்கும், 20 டிகிரிக்கு ஏறினால் சுமார் 27. காப்பி ஃபிளாஸ்க்கின் அழுத்து மூடியும் பொத்தான் மூடியும் இதற்காகச் செய்தவை அல்ல. கசியும், இல்லையென்றால் திறக்கும்போது முகத்தில் எகிறும். ஆழமான மரையும் தடித்த சிலிக்கான் வளையமும் உள்ள, வாயுப் பானத்துக்கு என்று சொல்லி விற்கும் மூடி வேண்டும். எந்த மூடியானாலும் முதலில் கால் சுற்று, ‘உஸ்’ சத்தம் அடங்கிய பிறகு மீதிச் சுற்று. உலர் பனிக்கட்டியை (உறைந்த கரியமில வாயு) மட்டும் எந்த மூடிய குப்பிக்குள்ளும் போடாதீர்கள்; வெடிக்கும்.

கேள்வி: வெளிப்பக்கம் வியர்க்கிறது. முன்பு இப்படி இல்லை.

வெற்றிடம் போய்விட்டது. கழுத்தைச் சுற்றி ஒரு விரல்கடை அளவு சில்லென்று இருப்பது இயல்பு, அங்கேதான் இரண்டு சுவரும் சேர்கின்றன. நடு உடம்பில் நீர் கோத்தால் சந்தேகமே வேண்டாம். உறுதிசெய்ய, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, அழுத்தம் சேராமல் மூடியைத் தளர்வாக வைத்து, பத்து நிமிடம் கழித்து வெளியே தடவிப் பாருங்கள். உடம்பு முழுக்கச் சூடு என்றால் உள்ளே காற்று புகுந்துவிட்டது. ஒரே ஒரு புள்ளி மட்டும் சூடு என்றால், நசுங்கிய இடத்தில் வெளிச்சுவர் உள்சுவரைத் தொடுகிறது. கீழே விழுந்த குப்பியில் அடிப்பக்கத்தை முதலில் பாருங்கள்: காற்றை உறிஞ்சிய துளையை அடைத்த இடம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வீட்டில் வைத்துச் சரிசெய்ய வழியில்லை. உத்தரவாதக் காலம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது இனி கண்ணாடி க்ரௌலரைவிடக் கொஞ்சம் மேலான குப்பி.

கேள்வி: கண்ணாடி க்ரௌலரே போதாதா?

கடையிலிருந்து பத்து நிமிடத்தில் வீடு, வந்ததும் ஃபிரிட்ஜ் என்றால் போதும். ஃபிரிட்ஜில் சீக்கிரம் குளிர்வது கண்ணாடிதான். வெளியே வைத்தால் 25 டிகிரி அறையில் முதல் மணி நேரத்திலேயே ஐந்தாறு டிகிரி ஏறிவிடும். வெளிச்சமும் அதற்கு எதிரி: பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவிலுள்ள கசப்புப் பொருள் ஒளி பட்டுச் சிதைந்து துர்நாற்றம் தரும். பழுப்புக் கண்ணாடி பெருமளவு தடுக்கும், எஃகு முழுக்கவே தடுத்துவிடும்.

கேள்வி: நாள் முழுக்க வெளியே இருக்கப்போகிறோம். க்ரௌலரை ஐஸ் பெட்டிக்குள் வைப்பது வீண் வேலையா?

வீண் இல்லை, உத்தமமான வேலை. ஐஸ் பெட்டி பீரைக் குளிர வைக்காது. ஆனால் குப்பிக்கு வெளியே 25 டிகிரிக்குப் பதில் பூஜ்யத்தை நிறுத்துகிறது. கசிந்து வர வெளியே சூடே இல்லை. ஊற்றிய 3 டிகிரி மாலை வரை 3 டிகிரிதான். குப்பியால் ஐஸும் அதிகம் உருகாது. ஐஸ் இல்லாவிட்டால் நிழலாவது வேண்டும். வெயிலில் கறுப்புப் பூச்சுள்ள வெளிச்சுவர் 60 டிகிரியைத் தொட்டால், கசிவு குறைந்தது இரண்டரை மடங்கு.

கேள்வி: இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

வெற்றிடக் குடுவை ஜேம்ஸ் டூவருடையது, 1892; ஆய்வகத்தில் திரவமாக்கிய வாயுக்களை வைக்கச் செய்தது. அது கண்ணாடி. முழுக்க எஃகில் செய்தவர் வில்லியம் ஸ்டான்லி, 1913.

கேள்வி: எவ்வளவு கழுவினாலும் போன வாரத்துப் பீர் வாடை போகவில்லை.

வாடை எஃகில் இல்லை, மூடியின் சிலிக்கான் வளையத்தில் இருக்கிறது. மழுங்கிய கத்தி முனையால் நெம்பிக் கழற்றுங்கள். அடியில் பழுப்பாக ஒரு பிசின் கோடு தெரியும். வளையத்தை ஐந்து நிமிடம் கொதிக்கும் தண்ணீரில் போட்டு, பள்ளத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். குப்பிக்குள் சூடான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சோடியம் பெர்கார்பனேட், அரை மணி நேரம், மூடி போடாமல். அது ஆக்சிஜன் விட்டுக்கொண்டே இருக்கும், மூடினால் அழுத்தம் ஏறும். பிறகு மூன்று முறை அலசுங்கள். உள்ளே வெண்மையாகக் கரடுதட்டியிருந்தால் அது பீர்க்கல், சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவிட்டால் இளகும். குளோரின் பிளீச் வேண்டாம், எஃகில் ஊசிமுனைப் பள்ளம் விழும். இரும்புப் பஞ்சும் வேண்டாம். மணமுள்ள சோப்பு நுரையைக் கெடுக்கும். காலியான அன்றே வெந்நீரில் அலசி, வளையத்தைத் தனியாகவும் குப்பியைத் தலைகீழாகவும் காயவிட்டால் இந்த வேலை எதுவும் வராது. மூடியைப் போட்டு மட்டும் எடுத்துவைக்காதீர்கள்.