பத்திரம் பீரோவுலயே இருக்கட்டும் அண்ணாச்சி

அண்ணாச்சி, நேத்து நீங்களும் மதினியும் வந்து, பிள்ளைக்கு லண்டன்ல எம்.பி.ஏ. இன்டர்நேஷனல் பிசினஸ், 30 லட்சம் ஆவும், சாத்தான்குளத்து வீட்டுப் பத்திரத்த பேங்க்ல வச்சிருவோமான்னு கேட்டிய. பயப்படாதீங்க பாத்துக்கிடலாம்னு சொல்லி அனுப்பிட்டேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வேண்டாம்னுதான் சொல்லணும்.

பிள்ளைக்கு ஏற்றுமதி பண்ணணும்னு ஆசை வந்ததே இங்க பாளையங்கோட்டையில பி.காம். படிக்கையில தான, டீச்சர் தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கூட்டிட்டுப் போயி கன்டெய்னருக்கு சீல் வைக்கிறதக் காட்டுனாங்களாம், அதச் சொல்லும்போது அவ மொகத்தப் பாத்தியளா? காலேஜ் செய்ய வேண்டிய வேலைய செஞ்சிருச்சு. இப்ப லண்டனுக்கு அனுப்புனா, ஸ்டூடன்ட் விசாவுல அங்க சொந்தத் தொழில் பண்ணவே கூடாது, படிப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரம் அடுத்தவங்க கடையில வேலை பாக்கலாம், அவ்வளவுதான். 30 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, 10 வருஷம்னு கணக்குப் போட்டா மாசம் 41,000-க்கு மேல, படிக்கிற காலத்து வட்டி தனி. அவ்வளவு கடன வச்சுக்கிட்டு எந்தப் பிள்ளையும் தொழில் தொடங்காது, கெடைச்ச வேலைக்குப் போயிரும். உங்க மச்சான் ஊர்ல பெருமையாச் சொல்லிக்கிடுவாரு, இஎம்ஐ கட்டப் போறது அவரு இல்ல.

பேங்க் பரீட்சை, ஐடி எல்லாம் ஊரே சொல்லும், நான் சொல்லல. நான் சொல்லுதது தூத்துக்குடியில ஒரு சி.எச்.ஏ. ஆபீஸ், அதான் அடுத்தவங்க சரக்குக்கு கஸ்டம்ஸ் அனுமதி வாங்கிக் குடுக்குற கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ். 2 வருஷம் அங்க உக்காரட்டும். மொதல்ல சம்பளம் கொறச்சல் தான். ஆனா ஒரு சரக்கோட பைல் மொத்தமும் கையில வரும், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கஸ்டம்ஸ்ல குடுக்குற ஷிப்பிங் பில், இலை தழைன்னா நோய் பூச்சி இல்லன்னு சொல்லுற பைட்டோ சர்டிபிகேட், கடைசியா பி.எல்., அதான் சரக்க ஏத்துனதுக்கு கப்பல் கம்பெனி குடுக்குற ரசீது. வாங்குறவங்க பேங்க் பணத்துக்கு உறுதி சொல்லுற எல்.சி.-ல ஒரு பேரு, பி.எல்.-ல ஒரு எழுத்து மாறி இன்னொரு பேருன்னா பேங்க் பேப்பர திருப்பி விட்டுரும், சரக்கு கடல்ல போயிட்டு இருக்கும், பணம் நிக்கும். இத எந்த கிளாஸ்லயும் மனசுல பதிய வைக்க முடியாது. கஸ்டம்ஸ் பரீட்சை எழுதி ஜி கார்டு, அதான் புரோக்கர் ஆபீஸ் ஆளுகளுக்கு கஸ்டம்ஸ் குடுக்குற தகுதி அட்டை, அத வாங்கிட்டான்னா அந்தத் துறையிலயே மதிப்பு வேற. எம்.காம். வேணும்னா தொலைநிலையில படிக்கட்டும்.

சொந்தமா தொடங்க ஐ.இ.சி. நம்பர், அதான் ஏற்றுமதி இறக்குமதி பண்ணுறவங்களுக்கான நம்பர் வேணும், அதக் குடுக்குற மத்திய அரசு ஆபீஸான டிஜிஎஃப்டி சைட்ல 500 ரூபா தான் பீஸ், வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள ஒருதடவ அப்டேட் பண்ணணும், மறந்தா நம்பர் முடங்கிரும்.

அப்புறம் எத ஏற்றுமதி பண்ணுறதுன்னா, மருந்துக்குப் போற அந்த நிலாவரை இலை. நேத்து நீங்க போன் பேச வெளிய போனப்போ, பிள்ளை பையில இருந்து ஒரு காகிதப் பொட்டலத்த எடுத்து மேசையில கொட்டி, குச்சி தனி, பழுத்த இலை தனி, பச்ச மாறாதது தனின்னு பிரிச்சா, மழை பட்டா கறுத்துரும் விலை போவாதுன்னு அவளே சொல்லுதா. உங்க களத்துல பாத்துப் பாத்து படிச்சது. அந்த இலைக்கு உலக மருந்து வியாபாரத்துல பேரே டின்னவேலி சென்னா தான், நம்ம திருநெல்வேலி பேரு. இது அவளுக்கே தெரியாது, சொன்னதும் கண்ணு கலங்கிருச்சு.

உங்க முடிவு எதுவா இருந்தாலும் மொதல்ல அவகிட்ட தனியா கேளுங்க, மச்சான் பக்கத்துல இருக்கக் கூடாது. திங்கக்கெழம அவளயும் கூட்டிட்டு வாங்க, ரெண்டு சி.எச்.ஏ. ஆபீஸ்ல பேசி வைக்கேன்.